மறு: மறு: மறு: சர்க்கரை மண்டையோடு – திங்கள் காலைக்குள் வேண்டும்

தும்பை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உலகப் பண்டிகைப் பலகாரங்கள் பற்றிய சிறுவர் படப் புத்தகம் ஒன்று திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. மெக்சிகோ பக்கம் மட்டும் நிற்கிறது. நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாளுக்குச் சர்க்கரையில் மண்டையோடு செய்து, நெற்றியில் பெயர் எழுதிப் படையலில் வைப்பார்கள். எசுப்பானியத்தில் 'கலவேரா தே அசூகார்'. நான் 'சர்க்கரை மண்டையோடு' என்று எழுதினேன். பிழை திருத்துபவர் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "சர்க்கரை மண்டையோடு ரொட்டியும் வைப்பார்கள்" என்ற வரியில் 'ஓடு' பெயரா, உருபா என்று கேட்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய விழா, ஆகவே பேய், பிசாசு என்று போக முடியாது. உதவுங்கள்.

வெள்ளாறு எழுதியது:

பிழை திருத்துபவர் வாழ்க. 'தலையோடு' என்று மாற்றினாலும் அதே மூன்றாம் வேற்றுமை வந்து நிற்கும். தேவாரத்துக்குப் போங்கள் அம்மா. பிரமன் தலையை ஏந்திப் பிச்சை தேர்ந்த சிவபெருமானைப் பாடுமிடத்தில் 'வெண்டலை' வரும். வெண்மை, தலை, புணர்ந்தால் வெண்டலை. சர்க்கரை வடசொல், அதை விடுங்கள். 'கன்னல் வெண்டலை' என்று எழுதினால் ஓசையும் இருக்கும், தமிழும் இருக்கும்.

நுணல் எழுதியது:

> 'கன்னல் வெண்டலை' என்று எழுதினால்

ஆறாம் வகுப்புப் பிள்ளை அதை வெண்டைக்காய் வகை என்று நினைக்கும் ஐயா. கன்னல் என்றால் கரும்பு, முல்லைப்பாட்டில் நேரம் காட்டும் நீர்க்கலமான நாழிகை வட்டிலும் கன்னல்தான். தவிர, சர்க்கரை வடசொல் என்று தள்ளுகிறீர்களே, அவர்களுடைய 'அசூகார்' எங்கிருந்து வந்ததாம்? அதே சொல்தான், அரபு வழியாக எசுப்பானியத்துக்குப் போனது. அவர்கள் வைத்துக்கொள்ளலாம், நாம் கூடாதா?

கோலார்க்காரன் எழுதியது:

பெயர் வைக்கிறவர்கள் பொருளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெக்சிகோ நகருக்கு மேற்கே தொலுகாவில் இதற்கென்றே ஆண்டுதோறும் சந்தை கூடுகிறது. எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சிய பாகை, இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கட்டிய மண் அச்சில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள். ஓரம் இறுகியதும் அச்சைக் கவிழ்த்து நடுவில் இருக்கும் பாகைத் திரும்ப வடித்துவிட வேண்டும். ஆறினபின் பிரித்தால் உள்ளே கூடான தலை. பிறகு முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும் அடித்துக் காகிதக் கூம்பில் நிரப்பிப் புருவம், பல், பூ என்று பிழிந்துகொண்டே போவார்கள். கண்குழியில் மினுமினுக்கும் வண்ணத் தாள். வீட்டில் செய்பவர்கள் ஈரச் சர்க்கரையை அச்சில் அழுத்தித் தட்டி எடுத்துக் காயவைப்பார்கள். மழை ஈரத்தில் அது காயவே காயாது.

எங்கள் பக்கம் சங்கராந்திக்கு மர அச்சில் வார்க்கிற 'சக்கரெ அச்சு' கிட்டத்தட்ட இதே வேலைதான். கிளி, தேர், துளசி மாடம் எல்லாம் வரும், எள்ளும் வெல்லமும் கலந்த தட்டில் வைத்துக் கொடுப்போம். அதனால் என் ஓட்டு 'அச்சுச் சர்க்கரைத் தலை'.

பனங்காடு எழுதியது:

தும்பை அக்கா, எங்கட பக்கம் சர்க்கரை எண்டால் மண்ணிறமா இருக்கிறது. வெள்ளை எண்டால் சீனி. அதைக் கவனியுங்கோ.

இன்னொரு விசயம். இந்த வகைச் சீனி உருவங்களுக்கு அவையள் சொல்லுற பொதுப்பேர் 'அல்ஃபெஞீக்கே'. அரபியில அல்-ஃபானீத், அதுக்கு முன்னால பாரசீகம், அதுக்கும் முன்னால சமஸ்கிருதப் பாணிதம், கரும்புச்சாற்றைக் காய்ச்சின பாகு. நாங்கள் இண்டைக்கும் பனம்பாணி எண்டு சொல்லுறம்தானே! 'பாணித் தலை' எண்டு போட்டால் அந்தச் சொல் ஊர் திரும்பின மாதிரி இருக்கும்.

நுணல் எழுதியது:

அழகுதான் தம்பி. ஆனால் சென்னையில் 'பாணித் தலை' என்றால் ஏதோ சிகையலங்காரப் பாணி என்று போய்விடும்.

வெள்ளாறு எழுதியது:

வேர் தேடுகிறவர்களுக்கு ஒன்று. 'கலவேரா' லத்தீன் 'கல்வாரியா'விலிருந்து வந்தது. நம்மூர்த் தேவாலயங்களில் கேட்கும் கல்வாரி மலையும் அதுதான். பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தைக் 'கபாலஸ்தலம்' என்றது. கலித்தொகைக் கடவுள் வாழ்த்திலும் தலையை அங்கையில் கொண்டு ஆடும் கூத்து 'காபாலம்'. இன்னும் ஒன்று, சங்கத் தமிழில் 'மண்டை' என்பது தலையே அன்று, இரப்போர் ஏந்தும் கலம். புறநானூற்றில் ஔவையார் பாடும் கவிழ்ந்த மண்டை...

தும்பை எழுதியது:

ஐயா, கோபிக்காதீர்கள், ஞாயிறு இரவாகிவிட்டது.

நுணல் எழுதியது:

அக்கா, வெள்ளாறு ஐயா தன்னையறியாமல் விடை கொடுத்துவிட்டார். கடையில் அச்சு வெல்லம், மண்டை வெல்லம் என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? 'ஓடு' என்பதை வெட்டிவிட்டுச் 'சர்க்கரை மண்டை' என்று போடுங்கள். உருபுக் குழப்பம் தீர்ந்தது. கொஞ்சம் வசவு மாதிரிக் கேட்கும், கேட்கட்டும். உயிரோடிருக்கும் நண்பன் பெயரையும் நெற்றியில் எழுதிக் கையில் கொடுத்துக் கிண்டலடிக்கிற ஊர் அது. அந்த நாளில் உயிருள்ள அரசியல்வாதிகளைச் செத்ததாகப் பாவித்துப் பாடும் நையாண்டிப் பாட்டுக்கும் 'கலவேரா' என்றே பெயர். 'வெண்டலை'யில் அந்தச் சிரிப்பு வராது.

கோலார்க்காரன் எழுதியது:

அச்சை விட மனமில்லை. இருந்தாலும் சரி.

பனங்காடு எழுதியது:

சீனி மண்டை எண்டால் எனக்கும் சரி. சர்க்கரை எண்டால் அரை ஓட்டு.

தும்பை எழுதியது:

'சர்க்கரை மண்டை' என்றே பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். மேலே பிழிகிற பூச்சுக்கு யாரும் சொல் தரவில்லை, 'ஐசிங்' என்று விட்டுவிட்டேன். நன்றி.

வெள்ளாறு எழுதியது:

என் மறுப்பு பதிவாகட்டும். மண்டை உயிரோடு இருக்கிறவனுக்கும் உண்டு. செத்தவனுடையது என்று காட்டுவது ஓடுதான். அதைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். மெக்சிகோக்காரன் சாவை ஒளிக்கவில்லை, நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்வோம்.

அது கிடக்கட்டும், அந்த ரொட்டிக்கு என்ன பெயர் போட்டீர்கள்? 'சாவு ரொட்டி' என்றிருந்தால் அச்சை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.