பிரித்தானியாவில் அசைலம் ரிஜெக்ட்: அப்பீல் எப்படிப் போடுறது?

கேள்வி: நண்பர் ஒருவரின்ர கேஸை ஹோம் ஒஃபிஸ் நிராகரிச்சுட்டுது. எத்தனை நாளுக்குள்ள அப்பீல் போடவேணும்? காசு கட்டவேணுமா?

பதில் 1: கடிதம் அனுப்பப்பட்ட நாளில இருந்து 14 நாள். கையில கிடைச்ச நாளில இருந்து இல்லை, கவனம். சனி, ஞாயிறும் சேரும். ஃபெர்ஸ்ட்-டியர் ட்ரிபியூனலுக்கு (இந்த அப்பீல்களை முதலில விசாரிக்கிற மன்றம்) ஒன்லைனில போடலாம். நேரடி விசாரணைக்கு 140 பவுண். லீகல் எய்ட் (அரசின்ர இலவச சட்ட உதவி) அல்லது அசைலம் சப்போர்ட் (ஹோம் ஒஃபிஸ் குடுக்கிற உதவி) இருந்தால் கட்டத் தேவையில்லை. பிந்தினால் காரணத்தை ஆதாரத்தோட எழுதி நீடிப்புக் கேளுங்கோ. கடிதத்தில "சேர்ட்டிஃபைட்" (கேஸில அடிப்படையே இல்லை எண்டு ஹோம் ஒஃபிஸ் சான்று போடுறது) எண்டு இருந்தால் இந்த வழி இல்லை, உடனே லோயரிட்டப் போங்கோ.

பதில் 2: கன கேஸ் விழுறது நம்பகத்தன்மையில தான். நிராகரிப்புக் கடிதத்தின்ர ஒவ்வொரு பந்திக்கும் வாக்குமூலத்தில மறுமொழி வேணும். இன்டர்வியூப் பிரதியை வரிவரியா வாசியுங்கோ. அதில சொன்ன திகதி மாறியிருந்தால் ஏன் மாறினது எண்டு இப்பவே சொல்லவேணும், விசாரணையில சொன்னால் எடுபடாது. காயத் தழும்புக்கு இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதை அடையாளங்களைப் பதியிற சர்வதேச முறை) மருத்துவ அறிக்கை எடுங்கோ. தமிழ்ப் பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் உறுதிப்படுத்தின ஆங்கிலப் பிரதி கட்டாயம்.

பதில் 3: இலங்கைத் தமிழர் எண்டால் 2021 ஆம் ஆண்டு கேகே, ஆர்எஸ் வழிகாட்டித் தீர்ப்பு (இலங்கைக் கேஸ்களுக்கு ட்ரிபியூனல் பின்பற்றுற முன்தீர்ப்பு) முக்கியம். இஞ்ச செய்த அரசியல் வேலையும் அதில கணக்கெடுக்கப்படும்: என்ன அமைப்பு, என்ன பங்கு, எவ்வளவு காலம் எண்டு விபரமாக் காட்டவேணும். ஆர்ப்பாட்டப் படம் மட்டும் காணாது. விசாரணையில மொழிபெயர்ப்பாளர் இலவசம், இலங்கைத் தமிழ் தெரிஞ்சவர் வேணும் எண்டு முதலே எழுதுங்கோ.

பதில் 1: இந்த அப்பீலிலயும் தோத்தால், சட்டப் பிழை இருந்தால் மட்டும், எழுத்துத் தீர்ப்பு அனுப்பின 14 நாளுக்குள்ள அப்பர் ட்ரிபியூனலுக்குப் (அடுத்த மேல் மன்றம்) போக அனுமதி கேக்கலாம்.