பட்டம் வாங்கச் சமூகப் பணி கட்டாயமா?

கரும்பலகை:
எந்தப் படிப்பாக இருந்தாலும் சமூகப் பணி செய்யாமல் பட்டம் தரக் கூடாது. மெக்சிகோவில் இது ரொம்ப நாளாக நடைமுறையில் இருக்கிறது: குறைந்தது 480 மணி நேரம், ஆறு மாதத்துக்குக் குறையாமல். மருத்துவ மாணவர்கள் 1936 முதலே கிராமங்களுக்குப் போகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரட்டும் என்று விட்டால், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் வரவே முடியாது. பாடத்திட்டத்துக்குள் வைத்தால்தான் அவருக்கும் அதற்கென்று நேரம் கிடைக்கும்.

மூன்றாம்வரிசை:
நேரத்தை அளந்தால் நேரம்தான் நிரம்பும், வேலை நடக்காது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், ஒரு வார முகாம் என்று கணக்கு உண்டு. அக்கறையுள்ள ஆசிரியர் கிடைத்த இடங்களில் அது நன்றாகவே நடந்தது. நான் படித்த கல்லூரியில் கன்று நட்டோம், படம் எடுத்தோம், கையெழுத்து வாங்கினோம். அடுத்த வாரம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. கட்டாயமாக்கினால் இதுதான் எல்லா இடத்திலும் பெருகும்.

வேர்:
இருவரும் மாணவர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். நான் மாணவர்கள் வந்து இறங்கும் ஒரு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் புது அணி வருகிறது, அதே கேள்வித்தாளோடு. வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மக்களும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். முடிவு என்ன என்று ஒருவர்கூடத் திரும்பி வந்து சொன்னதில்லை. அந்தத் தாள்கள் யாருடைய மதிப்பெண்ணுக்கு?

கரும்பலகை:
நியாயமான கோபம். ஆனால் இதற்குக் கட்டாயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓர் ஆசிரியர் இரண்டு ஆண்டுகள் ஒரே பகுதியில் வேலை செய்தாலும், பதவி உயர்வுக்குக் கேட்பது ஆய்வுக் கட்டுரைதான். அப்புறம் யார் தொடர்ந்து வருவார்? அமெரிக்காவில் உயர்கல்வி நிறுவனங்களை வகை பிரிக்கும் கார்னகி வகைப்பாட்டில், 2006 முதல் சமூக ஈடுபாட்டுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பல்கலைக்கழகம் தானே விண்ணப்பித்துச் சான்று காட்ட வேண்டும். பதவி உயர்வு விதிகளில் இந்தப் பணிக்கு இடம் உண்டா என்பதையும் அதில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எல்லாக் கல்லூரிகளிடமும் கேட்கலாமே.

மூன்றாம்வரிசை:
அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஒன்று விட்டுப்போகிறது. தெருவைக் கூட்டச் சொல்லும் கல்லூரி, இந்தத் தெருவில் குப்பை ஏன் அள்ளப்படவில்லை என்று உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் போய்க் கேட்க மாணவரை விடுமா? சேவையோடு நிறுத்திவிட்டு அதைக் குடிமைக் கல்வி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. உள்ளாட்சி வரவு செலவுக் கணக்கைப் படிப்பது, மனு எழுதுவது, மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்பது, இதெல்லாம் எந்தப் பாடத்தில் இருக்கிறது? பயந்துகொண்டு ஒதுக்கிவிடுகிறார்கள்.

வேர்:
மனு எழுதத் தெரிந்த நாலு பேர் வந்தால் எங்களுக்கு உடனே வேலை இருக்கிறது. கட்டாயமோ விருப்பமோ, அதை நீங்கள் தீர்த்துக்கொள்ளுங்கள். பாடத்தை வகுக்கும் கூட்டத்தில் எங்களில் ஒருவருக்கு நாற்காலி போடுங்கள், அணியைப் பாதியில் மாற்றாதீர்கள்.

கரும்பலகை:
நாற்காலி சரி. மதிப்பெண் போடுவதிலும் உங்களுக்குப் பங்கு வேண்டும் என்பேன்.

மூன்றாம்வரிசை:
மதிப்பெண் என்று வந்தாலே நான் எதிர்ப்புதான்.