கடும் இரத்தப்போக்கில் உறைவு மருந்துகள்: ஏழாம் காரணியை ஏன் முதலில் கொடுப்பதில்லை?

கேள்வி

செவிலியர் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். விபத்தில் பெருமளவு இரத்தம் இழந்தவர்களுக்கு டிரானெக்சாமிக் அமிலத்தையே முதலில் செலுத்துகிறார்கள். உறைதலைத் தொடங்கிவைக்கும் இரத்தப் புரதமான ஏழாம் காரணியே மருந்தாகக் கிடைக்கும்போது, அதை ஏன் ஒதுக்கிவைக்கிறார்கள்? இத்தகைய மருந்துகளால் காயம்படாத இடத்திலும் இரத்தம் கட்டிக்கொள்ளாதா?

மறுமொழி 1

டிரானெக்சாமிக் அமிலம் இரத்தத்தை உறையவைப்பதில்லை. உறைந்தது கரையாமல் காக்கிறது. பெருங்காயத்துக்குப் பின் பிளாஸ்மின் என்னும் நொதி மிகையாக உருவாகி, காயத்தை அடைத்திருக்கும் ஃபைப்ரின் வலையை அரிக்கத் தொடங்கும். அந்த நொதியின் முன்னோடியான பிளாஸ்மினோஜென் வலையில் பற்றிக்கொள்ளாதபடி இம்மருந்து தடுத்துவிடுகிறது. 20,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்று, 2010இல் முடிவுகள் வெளியான, இம்மருந்தைப் போலிமருந்தோடு ஒப்பிட்ட கிராஷ்-2 ஆய்வில், இறப்பு 16 விழுக்காட்டிலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. நீங்கள் அஞ்சுகிற இரத்தக்குழாயடைப்பு அதில் கூடவில்லை. குறைவு சிறிதாகத் தோன்றலாம், ஆனால் இவ்வளவு எளிய மருந்துக்கு இது பெரிது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தேர்வில் மட்டுமல்ல, பணியிலும் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பத்து நிமிடங்களில் 1 கிராம், பிறகு எட்டு மணி நேரத்தில் இன்னொரு 1 கிராம் என்பது அந்த ஆய்வின் அளவு. காயம்பட்ட முதல் மணி நேரத்துக்குள் கொடுத்தபோது பலன் மிகுதி. மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தவர்களில் இரத்தப்போக்கால் இறந்தோர் கூடினார்கள். ஆகவே மருந்தைக் கையில் எடுக்குமுன் காயம்பட்ட நேரத்தைக் கேட்டறிய வேண்டும். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரம் அதற்கு ஈடாகாது.

மறுமொழி 3

ஏழாம் காரணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. விபத்துக் காயங்களில் நடந்த ஆய்வுகளில் அது ஏற்றவேண்டிய இரத்தத்தின் அளவை ஓரளவு குறைத்ததே தவிர, உயிரிழப்பைக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. தமனிகளில் இரத்தக்கட்டி உண்டாகும் இடர் அதற்கு உண்டு என்பதால் உங்கள் அச்சம் இங்கே பொருந்தும். மேலும், உடல் குளிர்ந்து, இரத்தத்தில் அமிலம் ஏறி, தட்டணுக்களும் ஃபைப்ரின் உருவாகும் மூலப்பொருளான ஃபைப்ரினோஜெனும் வற்றிய நிலையில் அக்காரணி செயலிழந்துபோகும். வலை பின்ன நூலே இல்லாதபோது நெசவாளியை அனுப்பி என்ன பயன்? நோயாளியைக் கதகதப்பாக வைத்து, சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு ஆகியவற்றைச் சமவிகிதத்தை ஒட்டி ஏற்றி, கால்சியத்தையும் ஈடுகட்டுவதே முதற்பணி. பெரிய இரத்தக்குழாய் அறுந்திருந்தால் அழுத்தமோ இறுக்கக்கட்டோ அறுவையோதான் அதை நிறுத்தும், மருந்து நிறுத்தாது.

கேள்வி கேட்டவர்

நன்றி. காயம்பட்ட நேரம் எவருக்கும் தெரியாத நோயாளி வந்தால் எதை அடிப்படையாகக் கொள்வீர்கள்?