ஜன்னலில் காற்றாலை, திரையில் அதன் உட்புறம்

காணொலியை ஓடவிட்டால் பிள்ளைகள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், பிறகு கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று ஓர் ஆசிரியை இங்கே வருந்தியிருந்தார். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஜன்னலைத் திறந்தால் முப்பந்தல் காற்றாலைகள் தெரியும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்றில் நோட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டுதான் எழுத முடியும். பிறந்ததிலிருந்து காற்றாலைகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள்தான். ஆனால் கோபுரத்தின் உச்சியில் உள்ள பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல், அதாவது காந்தத்தை அசைத்துக் கம்பியில் மின்சாரம் உண்டாக்குவது பற்றி நடத்தும்போது அந்தப் பெட்டியைத் திறந்து காட்ட விரும்பினேன்.

விஞ்ஞானி ஃபாரடே 1831இல் கண்டறிந்த இதை முதலில் மேசைமேல் செய்தோம். கம்பிச்சுருள், சட்டக் காந்தம், மின்னோட்டத்தை முள் அசைவில் காட்டும் கால்வனோமீட்டர். முள் அசைந்ததும் பின்வரிசையே எழுந்து வந்துவிட்டது. கையால் செய்து பார்க்க முடிந்த ஒன்றைத் திரையில் காட்டி முடித்துக்கொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அதன்பிறகுதான் காற்றாலையின் உட்புறத்தைக் காட்டும் காணொலி. ஆங்கில விளக்கம் வேகமாக ஓடியதால் ஒலியை நிறுத்திவிட்டு நானே தமிழில் சொன்னேன். இறக்கைகள் சுழலும் காட்சியில் நிறுத்தி, “பெரிய காற்றாலையின் இறக்கை நிமிடத்துக்கு 15, 20 சுற்றுதான் சுற்றும். மின்சாரம் உண்டாக்கும் மின்னாக்கி ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். நடுவில் என்ன இருக்கும்?” என்று கேட்டேன். அமைதி. ஒரு பையன் மெதுவாக, “சைக்கிளில் இருப்பதுபோலப் பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும் இருக்குமா சார்?” என்றான். மறுபடி ஓடவிட்டேன். பற்சக்கரப் பெட்டி திரையில் வந்ததும் வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. நிறுத்திக் கேட்காமல் ஓட்டியிருந்தால் அந்த விடை அவனுடையதாக இருந்திருக்காது.

அப்போது ஒரு மாணவி ஜன்னலுக்கு வெளியே ஒரு காற்றாலையைக் காட்டிக் கேட்டாள்: “காற்று இப்படி அடிக்கும்போதும் அந்த ஒன்று மட்டும் ஏன் சார் நிற்கிறது?” காணொலியில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அவள் அப்பா காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்ப்பவர். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி அவரை அழைத்தேன். “பிள்ளைகளுக்குச் சொல்ல நான் என்ன படித்திருக்கிறேன் சார்?” என்று தயங்கினார். அதே காணொலியை மெதுவான வேகத்தில் ஓட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, விளக்கத்தில் பெயர்கூட வராத பிரேக் தட்டைத் தொட்டுக் காட்டினார். காற்று நொடிக்கு 3 மீட்டருக்கும் குறைந்தால் பயனில்லை, 25 மீட்டரைத் தாண்டினால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும், பழுது பார்க்கும்போதும் நிறுத்துவோம், மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மின்கட்டமைப்பு அதை ஏற்காத நேரத்திலும் நிறுத்தச் சொல்வார்கள் என்றார். அன்று அவள் முகத்தில் இருந்த பெருமிதம் எனக்கு மறக்காது.

புதிதாகத் தொடங்குவோருக்கு: பாடநூலில் உள்ள விரைவுக் குறியீட்டை (QR code) முதலில் அரசின் கல்விச் சேவையான திக்‌ஷா செயலியில் திறந்து பாருங்கள், பாடத்துக்கு ஒட்டியவை தமிழிலேயே கிடைக்கும். எதுவானாலும் முந்தைய நாளே தரவிறக்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள்.

பற்சக்கரப் பெட்டியின் உட்புறத்தை நிதானமாகக் காட்டும் தமிழ்க் காணொலி யாரிடமாவது இருந்தால் அவசியம் பகிருங்கள். அடுத்த ஆண்டு வகுப்புக்கு வேண்டும்.