தொடராக இணைத்தால் பெரிய குமிழ் எரியவில்லை, ஏன்?

விசுவமடு அக்கா:
தம்பி தரம் 9 படிக்கிறான். விஞ்ஞானக் கண்காட்சிக்கு மாதிரி வீடு செய்கிறான். அப்பப்பாவின் பழைய சைக்கிளிலிருந்து முன் குமிழையும் (6 வோல்ற்று, 2.4 வாற்று) பின் குமிழையும் (6 வோல்ற்று, 0.6 வாற்று) கழற்றி, நான்கு பென்ரோச் பற்றரிகளுடன் தொடராக இணைத்தான். சின்னது எரிகிறது, பெரியது துளியும் எரியவில்லை. தனியாக இணைத்தால் பெரியதும் எரிகிறது. “சின்னது மின்னோட்டத்தைத் தின்றுவிட்டது, மற்றதற்கு மிச்சமில்லை” என்கிறான். சரியா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை:
பிள்ளை, குமிழ்களை இடம் மாற்றிப் பாருங்கள். அவன் சொல்வது சரியென்றால் இப்போது பெரியது எரிய வேண்டும்.

விசுவமடு அக்கா:
மாற்றினோம் சேர். அதே கதைதான். பற்றரிகளைத் திருப்பிப் போட்டும் பார்த்துவிட்டான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை:
கெட்டிக்காரன். தொடர்ச்சுற்றில் அம்பியர்மானியை எங்கே வைத்தாலும் ஒரே அளவுதான் காட்டும். மின்னோட்டம் செலவாவதில்லை, பற்றரி தரும் சக்திதான் செலவாகிறது. அதில் எந்தக் குமிழுக்கு எவ்வளவு என்பதைத் தடை தீர்மானிக்கிறது: தொடரில் தடை கூடியதற்கே பங்கும் கூட. வோல்ற்றளவின் வர்க்கத்தை வாற்றால் வகுக்கச் சொல்லுங்கள்: பெரியதற்கு 15 ஓம், சின்னதற்கு 60 ஓம். மொத்தம் 75. நான்கு பற்றரிகளும் சேர்ந்து தரும் 6 வோல்ற்றை 75ஆல் வகுத்தால், ஓடுவது 0.08 அம்பியர். சின்னதற்கு 4.8 வோல்ற்று போய்விடுகிறது, பெரியதற்கு வெறும் 1.2. முழுதாக எரிய அதற்கு 0.4 அம்பியர் வேண்டும். உண்மையில் 1.2 கூடக் கிடைக்காது. சூடேறாத இழையின் தடை இன்னும் குறைவு.
வாற்றுக் கூடிய குமிழுக்குத் தடையும் கூட என்று நினைக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

வயரிங் வேலைக்காரர், பரந்தன்:
சமாந்தரமாக இணையுங்கள் தங்கச்சி. சைக்கிளிலும் அப்படித்தான். டைனமோவிலிருந்து முன்னுக்கு ஒரு வயர், பின்னுக்கு ஒரு வயர், திரும்பி வரும் பாதை சைக்கிளின் இரும்புச் சட்டமே. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் அந்த டைனமோவைச் சுற்றித்தானே வன்னியில் வானொலி கேட்டோம்! அது தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், வானொலிக்கு ஒரே திசையில் ஓடும் நேரோட்டமாக மாற்ற இருவாயி (டயோட்) வேண்டும். அப்பப்பாவைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்வார்.
எதைச் செய்தாலும் வீட்டுச் சுவரின் 230 வோல்ற்றுப் பக்கம் மட்டும் தம்பியை விடாதீர்கள்.

விசுவமடு அக்கா:
இரண்டும் எரிகின்றன! பெரியதுதான் பளிச்சென்று. ஆனால் சற்று நேரத்தில் மங்குகிறது.

வயரிங் வேலைக்காரர், பரந்தன்:
இப்போது 0.4 உம் 0.1 உம் சேர்ந்து 0.5 அம்பியர் இழுக்கிறீர்கள். பென்ரோச் பற்றரிக்கு அது பெரும் சுமை. அதன் அகத்தடையிலேயே, அதாவது பற்றரிக்கு உள்ளே இருக்கும் தடையிலேயே, கொஞ்ச வோல்ற்று விழுந்துவிடும். பெரிய ரோச் பற்றரி நான்கு வாங்குங்கள். ஒவ்வொரு குமிழுக்கும் தனி ஆளி வையுங்கள், ஆட்கள் வரும்போது போட்டால் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை:
அந்தத் தொடர்ச்சுற்றையும் கலைக்க வேண்டாம். பக்கத்தில் வைத்து, எது எரியும் என்று நடுவர்களையே முதலில் சொல்லச் சொல்லட்டும்.