ஈரம் காயாத ஓவியங்களைச் சென்னைக்குக் கொண்டுபோக வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஒரு குழுக் கண்காட்சி, அது முடிந்த கையோடு சென்னையை ஒட்டிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் என் தனிக் கண்காட்சி. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கி, ஓவியர்கள் பாத்திக் துணி (மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி) செய்து விற்ற காசிலும் வளர்ந்த இடம், அங்கே என் படங்கள் மாட்டப்போவது எனக்குப் பெரிய விஷயம்.

சமீபத்தில் வரைந்தது எல்லாமே சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகள், எண்ணெய் வண்ணத்தில். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றி, முடிச்சு அவிழ்த்த இடத்தில் தெரியும் புள்ளிகளை டைட்டானியம் வெள்ளையில், ஓவியக் கத்தியால் தடிமனாக வைத்திருக்கிறேன். மேலே ஏடு கட்டிவிட்டது, விரலால் லேசாக அழுத்தினால் உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கிறது. எண்ணெய் காற்றோடு சேர்ந்துதான் இறுகும் என்பதால் அவசரப்படுத்தவும் முடியாது, சுருட்டினால் வெடித்துவிடும், பபிள் ராப் நேராகப் பட்டால் தடம் விழும்.

எல்லாம் நாலடிக்கு ஐந்தடி. படத்தின் முகத்தில் எதுவும் படாமல் நிறுத்திவைக்கிற மாதிரி, உள்ளே காடி (சட்டம் செருகும் பள்ளம்) வெட்டிய மரப்பெட்டி செய்துதரும் தச்சர் திண்டுக்கல், மதுரைப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? பாதி காய்ந்த படங்களை வேனில் கொண்டுபோன அனுபவம் உள்ளவர்கள் எப்படிக் கட்டினீர்கள், என்ன செலவானது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். அப்புறம், சென்னைக்குக் காலியாகத் திரும்பும் வண்டி தெரிந்தாலும் சொல்லுங்கள், வாடகையைப் பேசிக்கொள்ளலாம்.