நான்கு போல்ட் ஹப்பை ஐந்து போல்ட்டாக மாற்றுவது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். என் காரின் ஹப்புகள் (சக்கரம் பொருத்தப்படும் மையப் பகுதிகள்) 4×100 அளவிலும் (அதாவது நான்கு போல்ட்டுகள், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.), கைவசம் உள்ள அலாய் வீல்கள் 5×114.3 அளவிலும் இருப்பதால், இதை மாற்றிய அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டலை நாடுகிறேன்.

முதலில் ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் வைக்கும் 25 மி.மீ. தடிமனுள்ள அடாப்டரைப் பற்றி யோசித்தேன். ஆனால் அதைப் பொருத்தினால், 45 மி.மீ. ஆக இருக்கும் வீலின் ஆஃப்செட் (வீல் அகலத்தின் மையக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் பரப்பு வரையுள்ள தூரம்) நடைமுறையில் 20 மி.மீ. ஆகக் குறைந்து, சக்கரம் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். பேரிங்கின் மீதான சுமை கூடுவதோடு, திருப்பும்போது டயர் ஃபெண்டரில் உரசக்கூடும்.

இருக்கும் ஹப்பிலேயே புதிதாகத் துளையிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இரு போல்ட் வட்டங்களின் ஆரங்களும் 7.15 மி.மீ. மட்டுமே வேறுபடுவதால், எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரு புதிய துளையாவது பழைய துளையோடு மோதுகிறது. பற்றவைத்து அடைத்த இடத்தில் மீண்டும் துளையிட எனக்குத் துணிவில்லை.

எனவே, அதே நிறுவனத்தின் பெரிய மாடலிலிருந்து ஹப், பேரிங், நக்கிள் (ஹப்பையும் பேரிங்கையும் தாங்கும் பாகம்), டிஸ்க் ஆகியவற்றை மொத்தமாக எடுத்துப் பொருத்துவதே சரியெனத் தோன்றுகிறது. அவ்வாறு செய்தவர்கள், ஆக்சில் ஸ்ப்லைனின் (ஹப்புக்குள் செருகும் பல்வரிசையின்) பல் எண்ணிக்கையும் ஏ.பி.எஸ். சென்சாரும் பொருந்தினவா, பின் சக்கரங்களில் ஹேண்ட் பிரேக்கை எவ்வாறு சமாளித்தீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும். வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் போடும் வளையம் அலுமினியத்தில் இருப்பது நல்லதா, பிளாஸ்டிக்கே போதுமா என்றும் கூறினால் உதவியாக இருக்கும்.